ஹைப்ரிட் காரின் சின்ன பேட்டரி

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கேட்க வராதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார் செயலாளர். பேசியதை அப்படியே கொடுத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் விட்டுப்போனதைச் சேர்த்திருக்கிறேன்.)



பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கார் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். அது கற்றுக்கொடுக்க எடுத்துக்கொண்ட கட்டணமும் கொஞ்சம் அதிகம். அந்தக் கட்டணத்தை நீங்களும் கட்ட வேண்டாம் என்றுதான் இந்தப் பேச்சு.

நம் பார்க்கிங்கில் போன வாரம் ஒரு சுற்று நடந்து எண்ணினேன். ஹைப்ரிட் கார் மட்டும் பதினொன்று நிற்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுதான். ஆகவே இது இனிமேல் என் தனிப் பிரச்சினை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் 47 நாள் இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை ராத்திரி திரும்பினோம். மறுநாள் காலை ஆறரைக்கு என் மனைவிக்கு கண் ஆபரேஷன். ஐந்தரை மணிக்கு பேஸ்மென்ட்டுக்குப் போய் சாவியை அமுக்கினால் கார் திறக்கவில்லை. விளக்கு எரியவில்லை, ஹாரன் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ரிமோட் சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும் என்று நல்லவேளை ஞாபகம் வந்தது. அதை உருவி டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டு முழுக்க இருட்டு.

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டது. லட்சக் கணக்கில் ஆகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்களே, அதுதான் வந்துவிட்டது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவி உள்ளே இருந்த இரண்டு மணி நேரமும் நான் வெளியே உட்கார்ந்து போனில் இருந்தேன். அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில் காரைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். ஒரு சர்வீஸ் சென்டரில், "டோ பண்ணிக் கொண்டுவந்து விடுங்க சார், ஹைப்ரிட் பேட்டரியா இருந்தா செலவு லட்சத்துல வரும்" என்றார்கள். தெரிந்த ஒரு புரோக்கர், "ஓடாத வண்டியா சார்? அப்படியே நான் எடுத்துக்கறேன்" என்று ஒரு விலை சொன்னார். முந்தின மாதம் அதே வண்டிக்கு நான் மனதில் போட்டிருந்த விலையில் அது பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நான் சரி என்று சொல்லும் நிலைமையில் இருந்தேன். கண்ணில் கட்டோடு வெளியே வந்த மனைவிதான், "முதல்ல அதுக்கு என்னன்னு பாருங்க, அப்புறம் விக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் சி பிளாக் தம்பி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "அங்கிள், பெரிய பேட்டரிய விடுங்க. மொதல்ல அந்த 12 வோல்ட் பேட்டரியப் பாத்தீங்களா?" என்றார்.

ஹைப்ரிட் காருக்கு 12 வோல்ட் பேட்டரி என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலரை வருடம் ஓட்டியவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த இரண்டு பேட்டரி கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

வங்கியில் வேலை பார்த்தவர்கள் இங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறீர்கள். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே கோடி ரூபாய் இருக்கட்டும், சாவிக்காரர் ஒருவர் வரவில்லை என்றால் கவுண்டரில் நிற்கும் பென்ஷன்காரருக்கு நூறு ரூபாய் கொடுக்க முடியாது. ஹைப்ரிட் காரில் பெரிய பேட்டரிதான் ஸ்ட்ராங் ரூம். சின்ன 12 வோல்ட் பேட்டரி, சாவியை வைத்திருப்பவர்.

பெரிய பேட்டரியின் மின்னழுத்தம் மிக அதிகம். உதாரணத்துக்கு, 1997ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ்தான் இந்த வகைக் கார்களுக்கு முன்னோடி. அதன் இரண்டாம் தலைமுறையில் 7.2 வோல்ட் கட்டுகள் 28 சேர்ந்து 201.6 வோல்ட். இவ்வளவு வோல்ட்டை எப்போதும் வயரில் ஓடவிட்டால் ஆபத்து. அதனால் கார் அணைந்திருக்கும்போது பெரிய பேட்டரியை ரிலேக்கள் துண்டித்து வைத்துவிடுகின்றன. நீங்கள் பட்டனை அமுக்கும்போது காரின் கம்ப்யூட்டர்கள் விழிப்பதும், அந்த ரிலேக்கள் மூடுவதும் 12 வோல்ட் பேட்டரியின் கரண்ட்டில்தான். அது செத்துப்போனால் பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

சாதாரண பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரிக்குக் கடினமான வேலை, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவது. அதனால் அது பலவீனமாகும்போது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையில் "கர்... கர்..." என்று இழுக்கும், நாலு நாள் இழுக்கும், ஐந்தாம் நாள் பேட்டரிக் கடைக்குப் போவோம். ஹைப்ரிட்டில் அந்த முனகலே கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியும் மின்மோட்டாரும். சின்ன பேட்டரிக்கு அந்தப் பாரம் இல்லாததால், பாதி செத்த நிலையிலும் அது காரைத் திறந்துவிடும், பாட்டுப் பாடும், ஒன்றும் சொல்லாது. ஒருநாள் காலை திடீரென்று ஒன்றுமே இருக்காது. சில கார்களில் அதற்கு முன்னால் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் வரும்: பிரேக், ஸ்டியரிங், என்னென்னவோ. அதைப் பார்த்துப் பயந்து பெரிய செலவு என்று நினைப்பதற்கு முன் சின்ன பேட்டரியைப் பாருங்கள்.

ஒரு சின்ன விளக்கம். "ஸ்மார்ட் ஹைப்ரிட்", "மைல்டு ஹைப்ரிட்" என்று போட்டிருக்கும் வண்டிகள் வேறு. அவை கரண்ட்டில் மட்டும் ஓடாது. நான் சொல்வது எஞ்சின் அணைந்த நிலையிலும் சத்தமில்லாமல் நகரும் வண்டிகளைப் பற்றி. முழு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால் உங்களுக்கும் இதே கதைதான்.

அந்தச் சின்ன பேட்டரி ஏன் இறங்குகிறது? கார் நின்றுகொண்டிருந்தாலும் அலாரம், சாவியின் சிக்னலைக் கேட்கும் ரிசீவர், கம்ப்யூட்டர் நினைவு எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடிக்கின்றன. பார்க்கிங்கிலும் பதிவு செய்யும் டேஷ்கேம் மாட்டியிருந்தால் இன்னும் வேகம். வரவே இல்லாமல் தினம் பத்து ரூபாய் பிடித்தம் போகும் கணக்கு மாதிரி. ஹைப்ரிட்டில் ஸ்டார்ட்டர் வேலை இல்லை என்பதால் பேட்டரியையும் சின்னதாகவே வைக்கிறார்கள். அதாவது ஆரம்ப இருப்பே குறைவு. 47 நாளில் என் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

இறங்கினால் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். இது ஈய-அமில பேட்டரி. கேஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859ல் செய்துகாட்டிய அதே சரக்கு. இவ்வளவு நவீனமான காரின் சாவியை இவ்வளவு பழைய ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். சார்ஜ் இல்லாமல் நாள்கணக்கில் விட்டால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாததற்கு நம் ஊர் வெயில். சூடு 10 டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. குளிர்நாட்டு யூடியூப்காரர் எட்டு வருடம் வந்தது என்றால் அதை நம் சென்னைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பி எனக்கு லட்சங்களை மிச்சப்படுத்தினார். அடுத்த பதினைந்தாவது நிமிடம் அதே லட்சங்களுக்கு வேட்டு வைக்கவும் பார்த்தார், பாவம், நல்ல மனசோடு.

என் காரில் சின்ன பேட்டரி இருப்பது டிக்கியில், வலது பக்கப் பலகைக்குப் பின்னால். டிக்கி திறப்பதோ கரண்ட்டில். பேட்டரி செத்ததால் டிக்கி திறக்காது; டிக்கி திறக்காததால் பேட்டரியைத் தொட முடியாது. இதற்காகவே பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு பாசிட்டிவ் முனை கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து அதன் வழியாகக் கரண்ட் கொடுத்து எழுப்பலாம். தம்பி தன் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, ஜம்பர் கேபிளை மாட்ட ஆரம்பித்தார். நம் சி பிளாக் பேஸ்மென்ட் வெளிச்சம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேபிளும் பழையது, சிவப்பெல்லாம் அழுக்கில் கருப்பாகியிருந்தது. அவர் கையில் இருந்த கிளிப் அந்த முனைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது நைட் செக்யூரிட்டி டார்ச் அடித்து, "சார், அது கருப்பு ஒயர் சார்" என்றார்.

மாற்றி மாட்டியிருந்தால்? சாதாரணக் காரில் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் போகும். ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டரும், கம்ப்யூட்டர்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. அந்த ஒரு நொடிக்கு வரும் பில்லைப் பார்த்தால் புரோக்கர் சொன்ன விலையே நல்ல விலை என்று தோன்றும்.

ஆகவே முறையைச் சொல்கிறேன். முதலில் சிவப்பு: செத்த காரின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். அப்புறம் கருப்பு: நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசியாகச் செத்த காரின் பெயிண்ட் இல்லாத ஒரு கெட்டியான இரும்புப் பாகம். கழற்றும்போது இதற்கு நேர் தலைகீழ். ஒவ்வொரு கிளிப்பையும் வைப்பதற்கு முன் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் டார்ச் அடித்து ஒருவர் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்கள் கேஷ் எண்ணும்போது அப்படித்தான் செய்வோம். இன்னொன்று: உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து மற்றவர் காருக்குக் கரண்ட் கொடுத்து உதவப் போகாதீர்கள். இன்னொரு காரின் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டுக்கு நம் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் செய்யப்பட்டவை அல்ல. உதவி வாங்கிக்கொள்ளலாம், கொடுக்கக் கூடாது. இப்படி ஒரு விதி எனக்கே பிடிக்கவில்லைதான்.

சரியாக மாட்டியதும் ஐந்தே நிமிடத்தில் டேஷ்போர்டு எரிந்தது, ரெடி விளக்கு வந்தது. பெரிய பேட்டரிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வாரண்டி புத்தகத்தை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன்: அதற்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். இதைக் காலையிலேயே பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் மனைவிக்காக மட்டும் கவலைப்பட்டிருக்கலாம்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். விலை ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் அளவுதான். கார் ரெடியில் இருக்கும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் சுமார் காட்டியது. அப்படியானால் கன்வெர்ட்டர் சார்ஜ் கொடுக்கிறது, அந்தப் பக்கம் பழுது இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, மறுநாள் காலை பார்த்தேன்: 11.9. அதற்கு மறுநாள்: 11.4. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதி இருப்பு. 11.8க்குக் கீழே என்றால் கணக்கில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். போட்டது தங்கவில்லை, பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானது.

வாங்கப் போனபோது கடைக்காரர், "சாதா பேட்டரியே போடலாம் சார், பாதி விலை" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கும் கார் வேறு, நாம் உட்காரும் அறையோடு சேர்ந்த டிக்கியில் இருக்கும் கார் வேறு. சார்ஜ் ஆகும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரலாம். அது தீப்பிடிக்கக் கூடியது. அதனால்தான் உள்ளே வைக்கும் பேட்டரி ஏஜிஎம் வகையில் இருக்கும். அமிலம் தளும்பாமல் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும். மேலே ஒரு சின்ன ரப்பர் குழாய், வாயுவைக் காருக்கு வெளியே கொண்டுபோகும். குழாய் மாட்ட இடமில்லாத பேட்டரியை அங்கே வைக்கக் கூடாது. உங்கள் காரில் பேட்டரி எங்கே இருக்கிறது, என்ன வகை என்பதை உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். எல்லாக் காரும் என் கார் மாதிரி இல்லை.

பேட்டரி மேல் 46பி24எல் என்பது போல ஒரு எண் இருக்கும். 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து எல் அல்லது ஆர். அது முனைகள் எந்தப் பக்கம் என்பதற்கு. அதை மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது, அல்லது தப்பான முனைக்கு எட்டும். பழையதை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள்; கடை அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய பேட்டரிக்குப் புதுவிலை கொடுக்காதீர்கள்.

பில் விஷயத்தில் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், பழக்கதோஷம். பில்லில் பேட்டரியின் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். வாரண்டியில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் புரோ-ரேட்டா என்று பிரித்துக் கேளுங்கள். "அஞ்சு வருஷ வாரண்டி" என்று வாயால் சொல்வதில் பின்பாதி வெறும் தள்ளுபடிதான். பழைய பேட்டரிக்குக் கழித்த தொகை தனி வரியாக வர வேண்டும். பழையதை வீட்டு வாசலில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஈயமும் அமிலமும் நம் தெரு மண்ணுக்குத்தான் வரும். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதை முறையாகத் திரும்ப ஒப்படைக்கத்தான் சொல்கின்றன.

மாற்றும் வேலையை நானே செய்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி, பலகையின் கிளிப் உடையாமல் கழற்றுவதில் போனது. வரிசையைச் சொல்கிறேன், ஆனால் முதுகுவலி உள்ளவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பேட்டரி பத்து கிலோவுக்கு மேல், குனிந்து தூக்க வேண்டிய இடம். மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

காரை முழுவதும் அணைத்துவிட்டு, சாவியை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சாவி பக்கத்தில் இருந்தால் கார் தூங்காது. டிக்கியைத் திறந்தே வைத்திருங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு யாராவது உதவி செய்வதாக நினைத்து டிக்கியை மூடிவிட்டால், பின் சீட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டுதான் மிச்ச வேலையைச் செய்ய வேண்டும். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றுங்கள். 10 எம்எம் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். ஏன் நெகட்டிவ் முதலில் என்றால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டாலும் அப்போது சர்க்யூட் முழுமையாகாது, பொறி பறக்காது. அப்புறம் பிடிப்புக் கம்பி, வாயுக் குழாய். புதியதை வைத்து, பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வாயுக் குழாயைத் திரும்ப மாட்ட மறப்பவர்கள்தான் அதிகமாம், நானும் மறந்தேன். எல்லாம் மூடிவிட்டுப் பார்த்தால் குழாய் தனியாகத் தொங்குகிறது. மறுபடி பலகையைக் கழற்றினேன்.

ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது பெரிய பேட்டரியின் வழி. அங்கே நமக்கு வேலை இல்லை, சாதாரண மெக்கானிக்குக்கும் வேலை இல்லை.

மாற்றிய பிறகு கடிகாரம் நேரம் தப்பிக் காட்டும், ஜன்னல்கள் ஒரே அழுத்தில் ஏறாது. ஒவ்வொரு ஜன்னலையும் முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடி பிடித்திருந்தால் பெரும்பாலும் சரியாகும். பயப்பட வேண்டாம்.

இனிமேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? இதில்தான் நம் அபார்ட்மென்ட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, கவனித்துக் கேளுங்கள். பெட்ரோல் காரைப் போல "சும்மா ஆன் பண்ணிப் பாட்டுக் கேட்டால் சார்ஜ் ஏறும்" என்பது தப்பு. ரெடி விளக்கு வராமல் மற்ற எதையும் ஆன் செய்தால் சின்ன பேட்டரி இறங்கத்தான் செய்யும். ரெடியில் இருந்தால் எஞ்சின் ஓடாவிட்டாலும் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு சார்ஜ் போகும். ஆகவே வாரம் ஒரு முறை ஒரு மணி நேரமாவது ஓட்டுவது நல்லது. ஓட்ட முடியாதவர்கள் கியரை பார்க்கில் வைத்து ரெடியில் விடலாம். நியூட்ரலில் வைக்காதீர்கள், பல மாடல்களில் நியூட்ரலில் பெரிய பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது.

ஆனால் அதை பேஸ்மென்ட்டில் செய்யாதீர்கள். சத்தமில்லாமல் நிற்கும் கார், பெரிய பேட்டரி இறங்கியதும் நம்மைக் கேட்காமலே எஞ்சினை ஓட்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய பேஸ்மென்ட்டில் அது தேங்கும். நம் பிள்ளைகள் மழை நாளில் கிரிக்கெட் விளையாடுவதும் அங்கேதான். மேலே, திறந்தவெளி விசிட்டர் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இறங்கிப் போய்விடாதீர்கள், ரெடியில் நிற்கும் கார் அணைந்த கார் மாதிரியே இருக்கும், ஒரு குழந்தை ஏறி கியரைத் தொட்டால் அது நகரும். காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் படிப்பதைவிட நிம்மதியாக இருக்கிறது.

சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைக்கும் தரைத்தள வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். உள்ளறைக்கு மாற்றுங்கள். இரண்டு மாதம் அமெரிக்கா போகிறவர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். அல்லது ஏஜிஎம் வசதி உள்ள சின்ன சார்ஜரை மாட்டலாம்.

அந்த சார்ஜர் விஷயத்தில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பொதுக் கரண்ட்டை ஒருவர் தன் காருக்கு எடுக்கலாமா என்று போன கூட்டத்தில் பொருளாளர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கணக்குப் பார்ப்பவன்தான். 45 ஆம்பியர்-மணி, 12 வோல்ட். பெருக்கினால் 540 வாட்-மணி. வீணாவதையும் சேர்த்து, முழுக்கக் காலியான பேட்டரியை நிரப்ப ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். விசிட்டர் பார்க்கிங்கில் சப்-மீட்டரோடு ஒரு சாக்கெட் போட்டு, செக்யூரிட்டி அறையில் நோட்டு வைத்து, யார் எத்தனை யூனிட் என்று எழுதி வசூலிக்கலாம். அந்த நோட்டை நான் எழுதித் தருகிறேன். இல்லையென்றால் ஆளாளுக்கு மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடுவார்கள், மழையில் அது வேறு வம்பு.

இரண்டாவது, செக்யூரிட்டி அறைக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர். கேபிளைத் தப்பாக மாட்டினால் கரண்ட் கொடுக்காமல் சத்தம் போடும் வகையாக வாங்க வேண்டும். அதுவும் லித்தியம் பேட்டரிதான், சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் வைத்தால் அதுவே செத்திருக்கும். மாதம் முதல் தேதி சார்ஜ் ஏற்றிக் கையெழுத்துப் போட ஒரு ஆளை நியமிக்க வேண்டும். மூன்றாவது, சி பிளாக் பேஸ்மென்ட் விளக்கு. இதை நான்காவது முறையாகக் கேட்கிறேன். டார்ச் அடித்த அந்த செக்யூரிட்டி அன்றைக்கு லீவில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்பேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை மல்டிமீட்டரோடு விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். ஹைப்ரிட், எலக்ட்ரிக், பெட்ரோல் எதுவானாலும் கொண்டுவாருங்கள், இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். உடனே பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும், ஆகவே மத்தியானம் முதல் காரை ஓட்டாமல் வையுங்கள். அங்கே கொண்டுவரும் ஒரு நிமிட ஓட்டம் பரவாயில்லை, ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தால் அந்த மேல்சார்ஜ் போய்விடும். வரும்போது ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை எப்படி உருவுவது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கதவில் அதற்குத் துவாரம் இருக்கிறது என்பதையும்.

நான் ஆறு மணிக்கு மேல் இருக்க மாட்டேன். மனைவிக்கு அடுத்த கண்ணுக்கு ஞாயிறு காலை ஆபரேஷன். இந்தத் தடவை காரில்தான் போகிறோம். சனி ராத்திரி ஒருமுறை வோல்ட் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.